கு.க. ஆபரேஷன்: மரத்துப்போகும் ஊசி போட்டும் வலிப்பது ஏன்? பெண்கள் முன்கூட்டியே கேட்க வேண்டியது என்ன?

“வலிக்குமா? எத்தனை நாள் லீவு போடணும்?” குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று பேச்செடுத்ததும் பெண்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருந்து சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. உடம்பு தேறினால்தான் வேலை, வேலைக்குப் போனால்தான் சம்பளம்.

முதல் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், “ஊசி போட்டுருவாங்க, ஒண்ணும் தெரியாது” என்பதுதான். இது பாதி உண்மை. வயிற்றின் மேல்தோலை மரத்துப்போகச் செய்யும் அந்த ஊசி, உள்ளே இருக்கும் கருக்குழாயை மரத்துப்போகச் செய்வதில்லை. அதற்குத் தனியாக மருந்து தேவை. அந்த மருந்து மலிவானது, எளிதில் கிடைக்கக்கூடியது. அதைக் கேட்டு வாங்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. இது பற்றிய முழு விவரம் இங்கே.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம்?

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் இது 37.9 சதவீதம். அதாவது, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த மேசையில் படுத்து எழுந்தவர்கள். அதே ஆய்வில், ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் இந்திய அளவில் வெறும் 0.3 சதவீதம்தான்.

இத்தனை பேர் கடந்து வந்த ஒரு ஆபரேஷனில் வலியைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. “பிரசவ வலியையே தாங்கினவ, இது என்ன பெருசு?” என்ற ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

எந்த ஆபரேஷனுக்கு என்ன மயக்க மருந்து?

எல்லோருக்கும் ஒரே முறை கிடையாது. பொதுவாக மூன்று சூழல்கள் உண்டு.

சிசேரியனுடன் சேர்த்துச் செய்வது: பிரசவத்துக்காக முதுகில் போடப்படும் ஊசியே இடுப்புக்குக் கீழும் வயிற்றுப் பகுதியிலும் உணர்வை நீக்கிவிடும். கருக்குழாயைக் கட்டுவதற்குப் பெரும்பாலும் தனி ஊசி தேவைப்படாது.

மினிலேப்: வயிற்றில் சிறிய கீறல் போட்டு, கருக்குழாயை வெளியே எடுத்து, கட்டி, ஒரு துண்டை வெட்டி எடுப்பது. சுகப்பிரசவம் முடிந்து 7 நாட்களுக்குள் என்றால் கர்ப்பப்பை மேலே இருக்கும். அதனால் தொப்புளுக்குக் கீழே கீறல் போடுவார்கள். மற்ற நாட்களில் செய்தால் அடிவயிற்றில் கீறல்.

லேப்ராஸ்கோப்பி: தொப்புளுக்குக் கீழே சிறு துளையிட்டு, வயிற்றுக்குள் வாயு செலுத்தி, கேமரா குழாய் வழியாகப் பார்த்து, கருக்குழாயில் சிலிக்கான் வளையம் மாட்டுவது.

கடைசி இரண்டையும் மரத்துப்போகும் ஊசியிலேயே செய்யலாம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கருத்தடை சிகிச்சைத் தர விதிகளும் இந்த ஆபரேஷன்களுக்கு அதையே முதல் தேர்வாகச் சொல்கின்றன.

முழு மயக்கம் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லையே?

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் முழு மயக்கத்துக்கு மயக்கவியல் மருத்துவர், சுவாசத்தைக் கவனிக்கும் கருவிகள், கூடுதல் நேரக் கண்காணிப்பு எல்லாம் வேண்டும். வயிற்றில் இருக்கும் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போவது, மூச்சு தடைபடுவது போன்ற ஆபத்துகளும் அதில் கூடுதல். மரத்துப்போகும் ஊசியில் பெண் விழித்திருப்பார், தானே மூச்சு விடுவார், சீக்கிரம் எழுந்து நடப்பார்.

1970களில் தாய்லாந்து மருத்துவர் விதூன் ஒசதானோந்த், சிறு கீறலில் செய்யும் மினிலேப் முறையைப் புறநோயாளி சிகிச்சையாக எளிமைப்படுத்தினார். சின்ன மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் சாத்தியமானதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, குறை ஊசியில் இல்லை. ஊசியை மட்டும் போட்டுவிட்டு, அதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய மற்றவற்றை விட்டுவிடும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஊசி போட்டும் ஏன் வலிக்கிறது?

இங்கே பயன்படுத்தப்படும் மருந்தின் பெயர் லிக்னோகைன். பல் பிடுங்கும்போது ஈறில் போடுவார்களே, அதே மருந்துதான். 1940களில் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. நரம்பு வழியாக வலிச் செய்தி மூளைக்குப் போவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்.

ஆனால் மருந்து எந்த இடத்தில் ஏற்றப்படுகிறதோ, அந்த இடத்து நரம்பை மட்டும்தான் அது நிறுத்தும். இந்த ஆபரேஷனில் இரண்டு வகை வலிகள் இருக்கின்றன.

முதல் வகை, தோலும் வயிற்றுச் சுவரும் தரும் வலி. கத்தி பட்டால் ‘சுரீர்’ என்று, இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி. கீறல் போடும் இடத்தில் அடுக்கடுக்காக ஊசி போட்டால் இது நின்றுவிடும்.

இரண்டாவது வகை, உள்ளுறுப்பு வலி. கருக்குழாயைப் பிடித்து இழுக்கும்போதும், கட்டும்போதும், வளையம் மாட்டும்போதும் வருவது. மாதவிடாய் வலி போல அடிவயிற்றைப் பிசையும், முதுகுக்கும் பரவும். எங்கே வலிக்கிறது என்று சரியாகச் சொல்ல வராது. இந்த வலி வேறு நரம்புப் பாதையில் போகிறது. தோலில் போட்ட ஊசிக்கு அந்தப் பாதையில் வேலையே இல்லை.

குழாயை இழுக்கும்போது சிலருக்கு நாடித்துடிப்பு குறைந்து, வியர்த்து, குமட்டலும் வரும். பிரசவமாகிப் பல நாள் கழித்து மினிலேப் செய்யும்போது, கர்ப்பப்பையை மேலே தூக்கிப் பிடிக்கப் பிறப்புறுப்பு வழியாக ஒரு கருவியும் வைக்கப்படலாம். அதன் அழுத்தமும் தெரியும்.

எனவே, “ஊசி போட்டாச்சே, இன்னும் ஏம்மா கத்துற?” என்று யாராவது கேட்டால், அதற்கு விடை உடற்கூறியலில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பொறுமை இல்லை என்பது காரணமல்ல. அந்த இடத்துக்கு மருந்து போகவில்லை என்பதுதான் காரணம்.

அப்படியானால் உள்வலிக்கு என்ன வழி?

வழிகள் பல ஆண்டுகளாகவே தெரிந்தவைதான்.

1. கருக்குழாய் மீதே மருந்து: குழாயைக் கட்டுவதற்கு முன் அதன் மேல் சில மில்லி லிக்னோகைனைச் சொட்டாகவோ தெளிப்பாகவோ விடுவது. பிரசவத்துக்குப் பிந்தைய கருத்தடை ஆபரேஷனில் வயிற்றுக்குள் லிக்னோகைன் விட்டுச் செய்து பார்த்த தாய்லாந்து மருத்துவர்கள், ஆபரேஷன் நேரத்து வலி குறைவதை 1990களின் இறுதியிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

2. முன்மருந்து: ஆபரேஷனுக்குச் சற்று முன்பாக, வலி குறைக்கும் மருந்தும் பதற்றம் தணிக்கும் மருந்தும் கொடுப்பது. பென்டாசோசின், புரோமெத்தசின் போன்றவை இந்த வகையில் பயன்படுபவை. வேலை செய்யத் தொடங்க நேரம் கொடுத்தால்தான் இவற்றால் பலன்.

3. காத்திருப்பது: லிக்னோகைன் வேலை செய்ய 2 முதல் 5 நிமிடம் ஆகும். அதன் பிறகு இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பார்த்து, வலி தெரியவில்லை என்று உறுதி செய்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

4. மென்மையான கை: குழாயை எவ்வளவு குறைவாக இழுக்கிறார்களோ, வலியும் அவ்வளவு குறையும்.

5. பேச்சு: “இப்போ கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கும், அரை நிமிஷம்தான்” என்று ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லிச் செய்வது. விழித்திருக்கும் நோயாளிக்கு இதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இரண்டே கால் நிமிடத்தில் ஒரு ஆபரேஷன்

இந்தக் காத்திருப்பு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது. 2012 ஜனவரி 7ஆம் தேதி, பீகார் மாநிலம் அராரியா மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் கருத்தடை முகாம் நடந்தது. இரவு நேரத்தில் 2 மணி நேரத்துக்குள் 53 பெண்களுக்கு ஆபரேஷன் செய்யப்பட்டதாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மனு சொன்னது. கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஏறத்தாழ இரண்டே கால் நிமிடம். லிக்னோகைன் முழுமையாக வேலை செய்வதற்குள் ஆபரேஷனே முடிந்துவிடும் வேகம் அது.

தேவிகா பிஸ்வாஸ் தொடர்ந்த அந்த வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் பெருந்துயரம் நடந்தது. ஒரே முகாமில், ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன். அந்த மாவட்ட முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 13 பெண்கள் இறந்தார்கள். கிருமித்தொற்றா, கொடுக்கப்பட்ட மாத்திரைகளா என்று காரணம் குறித்துச் சர்ச்சை எழுந்தது. அங்கே மயக்க ஊசி காரணமாகச் சொல்லப்படவில்லை. ஆனால், பெண்களின் உடலை எண்ணிக்கையாகப் பார்க்கும் அவசரம் இரண்டு ஊர்களுக்கும் பொது.

2016 செப்டம்பர் 14ஆம் தேதி நீதிபதிகள் மதன் பி.லோக்கூர், யு.யு.லலித் அமர்வு தீர்ப்பளித்தது. முகாம் முறையை 3 ஆண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை உயர்த்த வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது.

அதன் பிறகும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. 2022 நவம்பரில் பீகாரின் ககாரியா மாவட்டத்தில், மரத்துப்போகும் மருந்து கொடுக்காமலேயே ஆபரேஷன் செய்ததாக இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் தொடர்பான புகார் எழுந்தது. வலியில் துடித்தபோது கை, கால்களைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

விதிகள் என்ன சொல்கின்றன?

• ஒரு மருத்துவக் குழு ஒரு நாளில் 30 ஆபரேஷன்களுக்கு மேல் செய்யக் கூடாது.
• ஆபரேஷன் செய்துகொள்பவர் 22 முதல் 49 வயதுக்குள், திருமணமானவராக இருக்க வேண்டும். ஒரு வயதைக் கடந்த ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டு.
• பெண்ணின் ஒப்புதல் போதும். கணவரின் கையெழுத்து கட்டாயம் இல்லை.
• ஒப்புதல் படிவத்தில் உள்ளதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும்.

கடைசி விதி கெலவரப்பள்ளி போன்ற எல்லைப் பகுதிகளுக்கு ரொம்ப முக்கியம். ஓசூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் ஏராளம். வடமாநிலங்களில் இருந்து வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களும் உண்டு. தமிழில் ‘வலி’, தெலுங்கில் ‘நொப்பி’, கன்னடத்தில் ‘நோவு’. மேசையில் விழித்தபடி படுத்திருக்கும் பெண் சொல்லும் சொல் மருத்துவக் குழுவுக்குப் புரியாவிட்டால், இந்த முறையின் பெரிய பாதுகாப்பே போய்விடும். ஏனெனில் மருந்து போதுமா, அதிகமாகிவிட்டதா என்பதை முதலில் சொல்லக்கூடியவர் அவர்தான்.

‘அதிகமாகவே போடுங்க’ என்று கேட்கலாமா?

மருந்தின் அளவுக்கு எல்லை உண்டு. அட்ரினலின் சேர்க்காத லிக்னோகைனுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 4.5 மில்லிகிராம் வரை என்று மருத்துவ நூல்கள் எல்லை வகுக்கின்றன. 1 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 13 முதல் 20 மில்லி வரைதான் மொத்த எல்லை. தோலில் போடுவது, குழாயில் விடுவது எல்லாம் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும். 2 சதவீதக் கரைசல் என்றால் இதில் பாதிதான்.

எல்லை மீறினால் உதடு, நாக்கு மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல் ஆகியவை முதல் அறிகுறிகள். அடுத்து வலிப்பு வரலாம். இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். இதில் எது தோன்றினாலும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதனால், “நிறைய போடுங்க” என்பதைவிட, “உள்ளே குழாயிலும் மருந்து விடுவீங்களா?” என்பதே சரியான கேள்வி.

யாருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போதாது?

உடல் எடை மிக அதிகமாக இருப்பவர்கள், ஏற்கெனவே வயிற்றில் ஆபரேஷன் ஆகி உள்ளே ஒட்டுதல் இருக்க வாய்ப்புள்ளவர்கள், இடுப்புப் பகுதியில் தொற்று வந்து போனவர்கள், கடும் பயம் உள்ளவர்கள் ஆகியோருக்கு முதுகு ஊசியோ முழு மயக்கமோ பொருத்தமாக இருக்கலாம். இதை மருத்துவர்தான் முடிவு செய்வார். இவர்கள் மயக்க மருந்து வசதியுள்ள தாலுகா மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் செய்துகொள்வது நல்லது. பல் பிடுங்கும்போது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று: மரத்துப்போகும் ஊசிதானே என்று சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. அவசரத்துக்கு முழு மயக்கம் தேவைப்படலாம். மருத்துவர் சொன்ன நேரத்தில் இருந்து வெறும் வயிற்றோடு இருப்பது கட்டாயம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எனக்கு மினிலேப்பா, லேப்ராஸ்கோப்பியா?
2. மரத்துப்போகும் ஊசியா, முதுகு ஊசியா, முழு மயக்கமா?
3. ஆபரேஷனுக்கு முன் வலி குறைக்கும் மருந்து தருவீர்களா?
4. கருக்குழாய் மீதும் மருந்து விடுவீர்களா?
5. நடுவில் வலி தாங்க முடியவில்லை என்றால் நிறுத்தி, கூடுதல் மருந்து தர வசதி இருக்கிறதா?
6. என் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பாரா?

இவற்றை மருத்துவமனையில்தான் கேட்க வேண்டும் என்றில்லை. வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரிடமே முதலில் கேட்டுத் தெளிவு பெறலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

உடல்நிலை சீராக இருந்தால் வழக்கமாக 4 மணி நேரக் கண்காணிப்புக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பலாம். கூடவே ஒருவர் இருக்க வேண்டும். லிக்னோகைனின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால், அதன் பிறகு வலி தெரிய ஆரம்பிப்பது இயல்பு. வளையம் மாட்டியவர்களுக்கு அடிவயிற்றுப் பிசைவு சில மணி நேரம் கூடுதலாக இருக்கலாம். லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு உள்ளே செலுத்திய வாயுவால் தோள்பட்டையில் வலி வந்து ஓரிரு நாளில் போகும். வலி வந்த பிறகு தேடாமல், மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுவதே நல்லது.

காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, புண்ணில் சீழ் அல்லது ரத்தம், மயக்கம் ஆகியவை சாதாரணம் அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிற்பாடு எப்போது மாதவிடாய் தள்ளிப்போனாலும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

லீவு எத்தனை நாள்? சம்பளம் உண்டா?

48 மணி நேரத்துக்குப் பிறகு லேசான வேலைகள் செய்யலாம். முழு அளவில் உழைக்க இரண்டு வாரம் ஆகும். நின்றுகொண்டே செய்யும் லைன் வேலை, பாரம் தூக்கும் வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் தகுதி பெற்ற பெண் தொழிலாளிக்கு இந்த ஆபரேஷனுக்காக 14 நாட்களுக்கு முழுச் சம்பளத்துக்கு இணையான பணப்பலன் உண்டு. சிக்கல் ஏற்பட்டால் நாட்கள் நீட்டிக்கப்படும். கான்ட்ராக்ட் தொழிலாளி என்றாலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் கேட்கலாம். இ.எஸ்.ஐ. இல்லாத நிறுவனங்களில், 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உரிமை, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. மருத்துவமனைச் சான்றிதழை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்களுக்கு?

ஆண்களுக்கான தழும்பில்லா வாசக்டமியும் மரத்துப்போகும் ஊசியில்தான் செய்யப்படுகிறது. அதில் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, கத்திக் கீறலோ தையலோ வேண்டாம். பெண்களுக்கான ஆபரேஷனைவிட எளிது, ஆபத்தும் குறைவு. இ.எஸ்.ஐ. விடுப்பும் 7 நாள் உண்டு. வீட்டில் யார் செய்துகொள்வது என்ற பேச்சு வரும்போது, இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

நிரந்தரக் கருத்தடை செய்துகொள்வதா, வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. செய்துகொள்வது என்று முடிவெடுத்தால், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. “டாக்டர், உள்ளே வலிக்குது” என்று அவர் சொன்னால், கையை நிறுத்தி மருந்து கொடுப்பதுதான் சரியான சிகிச்சை.

(இது பொதுவான தகவலுக்கானது. தனிப்பட்ட சிகிச்சை முடிவுகளை மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுக்க வேண்டும்.)